செயற்கைக் கண்ணும் அதன் பராமரிப்பும்



பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டில் தீட்டுக்கல் ஒன்று இருக்கும். கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தீட்டாவிட்டால் அது மரத்தின் பட்டையைக் கிழித்துவிடும். செம்பனைக் குலை வெட்டுகிறவரும் அரிவாளைத் தீட்டிக்கொண்டுதான் வேலைக்குப் புறப்படுகிறார். அது தேய்ந்துபோனால் வேறு அரிவாள் வாங்குகிறார். கருவி என்றால் அதற்குப் பராமரிப்பும் உண்டு, ஒரு நாள் மாற்றமும் உண்டு. உழைக்கும் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் உடம்போடு சேர்ந்திருக்கும் ஒரு கருவியைப் பற்றி மட்டும் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அதுதான் செயற்கைக் கண். "ஒரு தடவை வைத்துவிட்டார்கள், இனி ஆயுளுக்கும் அது போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். செயற்கைக் கண் ஆயுளுக்கும் போதாது. அதைக் கழுவ வேண்டும், மெருகேற்ற வேண்டும், காலம் வந்தால் மாற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால் கெடுவது அந்தக் கண் மட்டுமல்ல, அது உட்கார்ந்திருக்கும் கண்குழியும் சேர்ந்து கெட்டுப்போகும்.

நம் குடும்பங்களில் கண் எப்படிப் போகிறது? முதலில் தோட்ட வேலையை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை வெட்டுகிறவர் தலையை உயர்த்தி மேலே பார்த்துக்கொண்டே வெட்டுகிறார். தூசும், காய்ந்த பூவும், முள்ளும், மட்டைச் சிராயும் நேராகக் கண்ணில் விழுகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு ஒரு சிறு கல்லைத் தட்டிவிட்டால், அந்தக் கல் குண்டு போலப் பாய்கிறது. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் திராவகமும், களைக்கொல்லி மருந்தும் தெறித்தாலும் ஆபத்துதான். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிலோ, இரும்பு அறுக்கும் பட்டறையிலும் மோட்டார் சைக்கிள் விபத்திலும் கண் போகிறது. தீபாவளிப் பட்டாசு பறித்த கண்களும் உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் கண்ணில் புற்றுநோய் வருவதும் உண்டு.

பார்வை போனாலும் கண் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதை ஏன் எடுக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். எல்லாக் கண்ணையும் டாக்டர்கள் எடுப்பதில்லை. பார்வை முற்றிலும் போய்த் தாங்க முடியாத வலி கொடுக்கும் கண், சீழ் பிடித்து அடங்காத கண், புற்றுநோய் வந்த கண், மோசமாகக் கிழிந்து சேர்க்க முடியாமல் போன கண் ஆகியவற்றைத்தான் எடுக்கிறார்கள். அரிதாகச் சிலருக்கு, அடிபட்ட கண்ணினால் நல்ல கண்ணும் அழற்சி கண்டு பார்வை குறையும் அபாயம் ஏற்படுகிறது. உயிரையோ, மற்றக் கண்ணையோ காப்பாற்றுவதற்காகச் செய்யப்படும் சிகிச்சை இது.

இறந்தவரின் கண்ணைத் தானமாக வாங்கி முழுக் கண்ணையே வைக்கக் கூடாதா என்ற கேள்வியும் எழுகிறது. கண் தானத்தில் பார்வைக்காகப் பயன்படுவது கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலமே. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றி வைத்தார்கள். கண் உயிரோடு நின்றது, ஆனால் பார்வை வரவில்லை. ஆகவே கண்ணை இழந்தவருக்கு இன்று நாம் கொடுக்கக்கூடியது செயற்கைக் கண்தான்.

செயற்கைக் கண் பார்க்காது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அப்படியானால் அது எதற்கு? முகம் முகமாக இருப்பதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இமைகளுக்கு அது உள்ளிருந்து தாங்கலாக நிற்கிறது. கண்குழி சுருங்காமல் காக்கிறது. இமை மயிர் உள்ளே மடிந்து குத்தாமல் தடுக்கிறது.

அறுவை செய்யும்போது, பல நோயாளிகளுக்கு டாக்டர் குழிக்குள்ளே ஓர் உருண்டையை வைத்துத் தைத்துவிடுவார். அது வெளியே தெரியாது. புண் ஆறும்வரை குழியின் வடிவம் கெடாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் ஓடு ஒன்றை வைத்திருப்பார்கள். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துச் செயற்கைக் கண்ணுக்கு அளவெடுப்பார்கள். நாம் கண் என்று சொன்னாலும், அது பந்து போல உருண்டையாக இருப்பதில்லை. சிறிய சிப்பி ஓடு போல வளைந்து, உள் உருண்டையின் மேல் பொருந்தி உட்காரும்.

இதனைக் கண்ணாடிக் கண் என்று சொல்வது இன்னும் நம் வழக்கத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரில் கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1835 ஆம் ஆண்டில் லூட்விக் முல்லர்-ஊரி என்பவர் அங்கே கண்ணாடியில் செயற்கைக் கண் செய்யத் தொடங்கினார். பின்னர் அந்த ஊர்க் கண்கள் உலகமெங்கும் போயின. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஜெர்மனியிலிருந்து கண் வருவது நின்றுபோயிற்று. கண்ணிழந்த போர்வீரர்களோ ஏராளம். அப்போது அமெரிக்க இராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவினர், செயற்கைப் பல்லுக்கு ஈறு செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கொண்டே கண் செய்து பார்த்தார்கள். அது கீழே விழுந்தால் எளிதில் உடையவில்லை. குழிக்கு ஏற்பச் செதுக்கவும் முடிந்தது. இன்று நம் நாட்டில் பொதுவாகக் கிடைப்பதும் இந்த அக்ரிலிக் கண்தான்.

அக்ரிலிக் எளிதில் உடையாது என்பது உண்மை. ஆனால் அதில் கீறல் விழும். கண்ணீரில் உள்ள புரதமும் உப்பும் நாளடைவில் அதன்மேல் படிந்து, கெண்டியின் உட்புறம் உப்புப் படிவது போலப் படிந்துவிடும். கீறலும் படிவும் உள்ள கண், ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இமையின் உட்தோலை உராய்கிறது. தோல் தடிக்கிறது, அரிக்கிறது, பீளை தள்ளுகிறது. அதில் கிருமி சேர்கிறது. இப்படித்தான் தொல்லை தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு செம்பனைத் தொழிலாளி, எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தகப்பனார், ஒரே செயற்கைக் கண்ணைப் பதினான்கு ஆண்டுகள் அணிந்திருந்தார். அந்த ஆண்டுகளில் அதை அவர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கழற்றியிருப்பார். "சார், வலிக்கல, கழண்டு விழல. அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு நாள் சம்பளத்த விடணும்னு இருந்துட்டேன்" என்றார். கடைசியில் பீளையும் நாற்றமும் தாங்காமல் போய்ப் பார்த்தபோது, குழியின் உட்தோல் புண்ணாகிச் சுருங்கிப்போயிருந்தது. புதிய கண் வைத்தால் நிற்கவில்லை. வாயின் உட்புறத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டிக் குழியைச் சரிசெய்த பிறகே அவருக்கு வேறு கண் பொருத்த முடிந்தது. ஒரு நாள் சம்பளத்தை விடாமல் இருக்கப் பார்த்தவருக்குப் பல மாதச் சம்பளம் போயிற்று. வலி இல்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது.

இனி, வீட்டில் செய்ய வேண்டிய பராமரிப்பைச் சொல்கிறேன். குடும்பத்தில் இன்னொருவரும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

செயற்கைக் கண்ணை நாள்தோறும் கழற்ற வேண்டியதில்லை. அடிக்கடி கழற்றினாலும் குழி புண்படும். இரவும் பகலும் அணிந்தபடியே இருக்கலாம். பெரும்பாலோருக்கு மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவினால் போதும். டாக்டரோ கண் செய்து கொடுத்தவரோ வேறு இடைவெளி சொல்லியிருந்தால், அதன்படியே நடக்க வேண்டும்.

கழற்றுமுன் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மேசைமேல் தடித்த துணி ஒன்றை விரித்துக்கொண்டு உட்காருங்கள். நீர்த்தொட்டிக்கு நேரே நின்று கழற்றினால், கை நழுவிய கண் நேராகக் குழாய்க்குள் போய்விடும். கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் கண்ணின் விளிம்பு வெளிப்படும். விரலாலோ, அதற்கென்று கொடுக்கும் சிறு ரப்பர் உறிஞ்சியாலோ அதை எடுக்கலாம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு விரலாலேயே தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் ஒட்டியிராமல் நன்றாக அலசுங்கள். திரும்ப வைக்கும்போது மேல் இமையைத் தூக்கி முதலில் அதனடியில் செருகி, பிறகு கீழ் இமையை இழுத்து உட்காரவையுங்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. கொதிநீரில் போடக் கூடாது. ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகும். பற்பசை, பாத்திரம் துலக்கும் தூள், சொரசொரப்பான துணி எதுவும் ஆகாது. கழற்றி வைக்க நேர்ந்தால் உலர விடாமல், சுத்தமான நீரிலோ மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக் கரைசலிலோ போட்டு மூடி வையுங்கள். நாள்கணக்கில் வெளியே வைத்துவிடாதீர்கள். குழி சுருங்கி, அதே கண் மறுபடி ஏறாமல் போகலாம்.

கண்ணுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் தாய்ப்பால் விடுவார்கள், நந்தியாவட்டைப் பூவை வைப்பார்கள், விளக்கெண்ணெய் தடவுவார்கள். அன்போடு செய்ததுதான் என்றாலும், கண்குழிக்குள் இவை எதையும் விடக் கூடாது. உலர்ச்சியாக இருந்தால் டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்து போதும்.

கண்ணைத் துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இமையை மூடிக்கொண்டு, காதுப் பக்கத்திலிருந்து மூக்கை நோக்கித் துடைக்க வேண்டும். மாறித் துடைத்தால் கண் திரும்பிக்கொள்ளலாம், சில நேரம் வெளியே வந்தும் விடலாம். ஆற்றிலோ கடலிலோ குளிக்கும்போது நீச்சல் கண்ணாடி அணியுங்கள். தலைமுழுகி எழும்போது தண்ணீரோடு கண் போய்விட்டவர்களும் உண்டு.

வீட்டுப் பராமரிப்பு ஒரு பாதிதான். மறுபாதி, கண் செய்பவரிடம் போய்ச் செய்துகொள்ள வேண்டியது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, முடிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அவரிடம் கொண்டுபோய் இயந்திரத்தில் மெருகேற்றிக்கொள்ள வேண்டும். கீறலும் படிவும் அப்போது போய்விடும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய கண் தேவைப்படும். அக்ரிலிக் தேய்கிறது, நிறம் மங்குகிறது. நம் உடம்பும் மாறுகிறது. வயது ஏற ஏறக் குழிக்குள் இருக்கும் கொழுப்பு குறைகிறது, இமை தளர்கிறது. ஐந்தாண்டுக்கு முன் பொருந்திய கண் இன்று ஆடலாம், உள்ளே அமிழ்ந்து தெரியலாம்.

புதிய கண் வாங்கும்போது, பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆயத்தக் கண்ணைவிட, அளவெடுத்துச் செய்யும் கண்ணே மேல். ஆயத்தச் சட்டை எல்லாருக்கும் சரியாக இருப்பதில்லை அல்லவா? பொருந்தாத கண்ணுக்கும் குழிக்கும் இடையில் உள்ள சந்தில் கண்ணீரும் அழுக்கும் தேங்கும். அளவெடுத்துச் செய்யும் கண்ணுக்கு, பல் மருத்துவர் அச்செடுப்பது போலக் குழியின் அச்சை எடுக்கிறார்கள். மெழுகில் மாதிரி செய்கிறார்கள். நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழிக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வெள்ளை விழியில் ஓடும் இரத்த நாளங்களுக்காக மெல்லிய சிவப்புப் பட்டு இழைகளைக்கூடப் பதிக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோரே, இதை மிகக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளை வளர வளர அதன் முகமும் வளர்கிறது. கண்குழியின் எலும்பு சரியாக வளர்வதற்கு, உள்ளே கண் நிறைந்து நிற்பது ஒரு தூண்டுதல். சிறிய கண்ணையே தொடர்ந்து வைத்திருந்தால் அந்தப் பக்கம் வளர்ச்சி பின்தங்கி, முகம் ஒரு புறம் ஒடுங்கிப்போகலாம். பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதுச் சப்பாத்து வாங்குகிறோம். போன வருடச் சப்பாத்தைப் போடச் சொன்னால் கால் என்ன ஆகும்? ஆகவே சிறு பிள்ளைகளைச் சில மாதங்களுக்கு ஒரு முறை காட்டி, டாக்டர் சொல்லும்போது கண்ணைப் பெரிதாக்கியோ மாற்றியோ வர வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இதே இடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாப்பாவுக்குள் பூனைக்கண் போல வெள்ளை ஒளி தெரிந்தாலோ, கைப்பேசியில் படம் எடுக்கும்போது ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டாலோ, புதிதாக மாறுகண் விழுந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். விரைவில் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரங்களில் கண்ணையும் காப்பாற்றலாம்.

பீட்டர் ஃபாக் என்ற அமெரிக்க நடிகர், கொலம்போ என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றவர். 1927 இல் பிறந்த அவருக்கு மூன்று வயதில் இந்த நோய் வந்து வலக்கண்ணை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கண்ணோடு பள்ளிக்குப் போனார், விளையாடினார். ஒரு முறை பந்தாட்டத்தில் நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னதும், தம் கண்ணைக் கழற்றி, "உங்களுக்குத்தான் இது வேண்டும்" என்று நீட்டியதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். 83 வயது வரை வாழ்ந்து 2011 இல் மறைந்தார். மூன்று வயதில் கண்ணை எடுக்கச் சம்மதித்ததனால் கிடைத்த வாழ்வு அது. கண்ணை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, மிச்சமிருக்கும் ஒரு கண். அதற்கு மாற்று இல்லை. ஆகவே பார்வை நன்றாக இருந்தாலும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியை எப்போதும் அணியுங்கள். புல் வெட்டும்போதும் குலை வெட்டும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு நம் மக்களிடையே அதிகம். நீரிழிவு உள்ளவருக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

ஒரு கண்ணால் பார்ப்பவருக்குத் தூரம் கணிப்பது முதலில் சிரமமாக இருக்கும். தேநீர் ஊற்றும்போது கெண்டியின் மூக்கைக் குவளையின் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றலாம். சாலையைக் கடக்கும்போது பார்வை இல்லாத பக்கம் தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். சில மாதங்களில் பழகிவிடும். பட்டோடி நவாப் மன்சூர் அலிகான் 1961 இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்தார். மறு ஆண்டே, 21 வயதில், இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவரானார். ஒரு கண்ணோடு வேகப்பந்தை அடித்தவர் அவர்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ விபத்தில் கண் போயிருந்தால், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் உங்களுக்கு உரிமை உண்டு. 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நிறுவனம் அது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதை அறிவிக்க வேண்டும். உடற்குறைக்கான தொகையோடு, செயற்கை உறுப்புக்கான உதவி பற்றியும் கேளுங்கள். வேலையோடு தொடர்பில்லாமல் கண்ணை இழந்தவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், சமூக நலத் துறையில் செயற்கை உறுப்புகளுக்கான உதவிக்கு மனுச் செய்யலாம். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரைக் கேட்டால், மனு எழுதவும் வழிகாட்டுவார்.

கிள்ளான் வட்டாரத்தில் உள்ளவர்கள், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் இருக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவில், 1986 இல் தொடங்கப்பட்ட துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. செயற்கைக் கண் அங்கேயே செய்கிறார்களா, வேறிடத்துக்கு அனுப்புகிறார்களா, மெருகேற்ற எப்போது வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். கண் எந்த ஆண்டு செய்தது, எப்போது மெருகேற்றியது என்பது அதில் இருக்கட்டும்.

1951 இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கி வருகிறது. அந்தத் தெருக்களில் வெள்ளைக் கோல் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண்ணும் இல்லாதவர்கள் தலைநிமிர்ந்து நடக்கும் ஊரில், ஒரு கண்ணை இழந்தவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை. செயற்கைக் கண்ணைப் பலர் கழுவாமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. கழற்றினால் மனைவி மக்கள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சமும் ஒரு காரணம். அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது குடும்பத்தாரின் கடமை. கணவர் கண்ணைக் கழுவும்போது மனைவி விளக்கைப் பிடிக்கட்டும். தங்கச்சியின் கண்ணை அண்ணன் கேலி செய்யாமல் இருக்கட்டும். பள்ளியில் எந்தப் பிள்ளையையும் ஒற்றைக்கண் என்று பெயர் வைத்துக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பொறுப்பு.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ செயற்கைக் கண் அணிந்தவர் இருந்தால், இன்று இரவு அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தக் கண் எந்த ஆண்டு வைத்தது? கடைசியாக எப்போது மெருகேற்றியது? முதல் கேள்விக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் என்றோ, இரண்டாவது கேள்விக்கு நினைவில்லை என்றோ பதில் வந்தால், வருகிற வாரத்திலேயே அவரோடு துணைக்குப் போங்கள். பீளை, இரத்தக் கசிவு, வலி, நாற்றம் ஆகிய இவற்றில் ஏதேனும் இருந்தால், வாரம்கூடக் காத்திராமல் நாளைக் காலையிலேயே புறப்படுங்கள்.